கறவை ஆட்டின் பாலுற்பத்திக் காலத் தீவன முகாமைத்துவம்

க.பொ.த. (சாதாரண தரம்) – விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும்
அலகு: விலங்கு வேளாண்மை



விலங்கு வேளாண்மைப் பகுதியில் மாணவர்கள் பலர் ஆட்டினங்களின் பெயர்களையும் கொட்டிலின் அளவுகளையும் மனனம் செய்து வைத்திருப்பர். ஆனால் "பால் கறக்கும் ஆட்டுக்கு என்ன, எவ்வளவு, எப்படிக் கொடுக்க வேண்டும்? ஏன்?" என்று கேட்டால் "சத்துள்ள உணவு கொடுக்க வேண்டும்" என்ற ஒரே வரியுடன் விடையை முடித்துவிடுவர். அந்த ஒரு வரிக்குப் புள்ளி கிடைப்பது அரிது. காரணமும் அளவும் சேர்த்து எழுதும் விடையே முழுப் புள்ளி பெறும்.

இப்பாடத்தைப் பரீட்சைக்காக மட்டும் படிக்க வேண்டாம். உங்களில் பலருடைய வீட்டில் ஓர் ஆடாவது கட்டி நிற்கும். அதன் பாலை விற்ற காசில் உங்கள் கொப்பியும் பேருந்துச் செலவும் நடக்கக்கூடும். எனவே படிப்பதை வீட்டு ஆட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

1. பாலுற்பத்திக் காலத்தில் தீவனம் ஏன் முக்கியம்?

ஓர் ஆடு உண்ணும் உணவு இரண்டு தேவைகளுக்குப் பயன்படுகிறது.

(அ) உடற் பராமரிப்பு: மூச்சு விடுதல், நடத்தல், உடல் வெப்பநிலையைப் பேணல், தேய்ந்த கலங்களைப் புதுப்பித்தல் ஆகியன. ஆடு பால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இத்தேவை உண்டு.

(ஆ) உற்பத்தி: பால் சுரத்தல், வயிற்றில் உள்ள குட்டியின் வளர்ச்சி, இளம் ஆடாயின் தன் சொந்த வளர்ச்சி ஆகியன.

உணவு முதலில் பராமரிப்புக்கே செல்லும். மிஞ்சுவதே பாலாகும். ஆகவே பராமரிப்புக்கு மட்டும் போதுமான உணவைக் கொடுத்துவிட்டுப் பாலை எதிர்பார்த்தால், ஆடு தன் உடலில் சேமித்துள்ள கொழுப்பையும் தசையையும் கரைத்துப் பாலைக் கொடுக்கும். சில வாரங்களில் விலா எலும்பு தெரியும், உரோமம் பொலிவிழக்கும், பாலும் குறையும். ஆடு குட்டியின் பொருட்டுத் தன் உடலைச் செலவழிக்கிறது என்பதை உரிமையாளர் அறியாமலே இருந்துவிடுவார்.

2. ஆட்டின் சமிபாடு

ஆடு ஓர் அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றுள் மிகப் பெரியது றூமன் ஆகும். றூமனில் கோடிக்கணக்கான நுண்ணங்கிகள் வாழ்கின்றன. மனிதரால் சமிபாடடையச் செய்ய முடியாத நார்ப்பொருளை இவை நொதிக்கச் செய்கின்றன. நொதித்தலின் விளைவாகச் சில அமிலங்கள் தோன்றி, றூமனின் சுவரினூடாக இரத்தத்தில் சேர்கின்றன. இவற்றுள் இரண்டை நன்றாக நினைவில் வையுங்கள்.

• புல், குழை போன்ற நார்மிகு தீவனம் → அசற்றிக் அமிலம் → பாற்கொழுப்பு
• சோளம், தவிடு போன்ற மாப்பொருள் மிகுந்த தீவனம் → புரொப்பியோனிக் அமிலம் → ஈரலில் குளுக்கோசு → மடியில் இலற்றோசு

இலற்றோசு என்பது பாலில் உள்ள வெல்லம். அது மடிக்குள் நீரை ஈர்க்கிறது. எனவே பாலின் கனவளவு பெரும்பாலும் இலற்றோசின் அளவிலேயே தங்கியுள்ளது. இதிலிருந்து இரு முடிவுகளைப் பெறலாம்.

(i) செறிவுத் தீவனம் மிகக் குறைந்தால் பாலின் அளவு குறையும்.
(ii) நார்மிகு தீவனம் மிகக் குறைந்தால் பாலின் கொழுப்புச் சதவீதம் குறையும்.

கவனிக்க: "செறிவுத் தீவனம் கூடினால் பால் எப்போதும் கூடும்" என்று எழுதுவது பிழை. ஒரு நிலைக்கு மேல் செறிவுத் தீவனம் கூடினால் றூமனில் அமிலத்தன்மை கூடி, நார்ப்பொருளை நொதிக்கச் செய்யும் நுண்ணங்கிகள் அழியும். உண்ணும் மொத்த உலர் பொருளில் ஏறத்தாழ அரைப்பங்காவது நார்மிகு தீவனமாக இருத்தல் பாதுகாப்பானது.

3. பாலுற்பத்திக் காலத்தின் நிலைகள்

ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள் (5 மாதங்கள்). குட்டி ஈன்றதிலிருந்து பால் வற்றும் வரையிலான காலத்தைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

நிலை 1 – ஈன்றது முதல் 8 வாரம் வரை
பாலின் அளவு நாளுக்கு நாள் கூடி, ஏறத்தாழ 4 முதல் 8 வாரங்களுக்குள் உச்சத்தை அடையும். ஆனால் ஆட்டின் உண்ணும் அளவு அதே வேகத்தில் கூடுவதில்லை. அது உச்சத்தை அடைவதற்கு மேலும் சில வாரங்கள் செல்லும். ஆகவே செலவு கூடி வரவு குறைந்த காலம் இது. இக்குறையை ஆடு தன் உடற் கொழுப்பிலிருந்து ஈடுசெய்யும். மிகத் தரமான தீவனத்தைக் கொடுக்க வேண்டிய காலமும் இதுவே.

நிலை 2 – 3ஆம் மாதம் முதல் 5ஆம் மாதம் வரை
ஆடு நன்றாக உண்ணும். பால் மெதுவாகக் குறையத் தொடங்கும். பாலின் அளவுக்கேற்பச் செறிவுத் தீவனத்தைக் கொடுத்துவர வேண்டும்.

நிலை 3 – பாலுற்பத்தியின் பிற்பகுதி
பால் குறையும். ஆடு மீண்டும் சினைப்பட்டிருக்கலாம். இழந்த உடல் நிலையை ஆடு மீளப் பெறும் காலம் இது. செறிவுத் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். ஆனால் ஆட்டை மெலியவிடக் கூடாது.

நிலை 4 – பால் நிறுத்திய காலம்
அடுத்த குட்டி ஈனுவதற்கு ஏறத்தாழ 2 மாதங்களுக்கு முன் கறப்பதை நிறுத்த வேண்டும். மடியின் கலங்கள் புதுப்பிக்கப்படுவதும் குட்டியின் நிறையின் பெரும்பகுதி கூடுவதும் இக்காலத்திலாகும். வளரும் குட்டி வயிற்றில் இடத்தைப் பிடிப்பதால் ஆட்டால் அதிகம் உண்ண முடியாது. ஆதலால் கடைசி ஆறு வாரங்களில் சிறிதளவு செறிவுத் தீவனத்தை ஆரம்பித்து மெல்லக் கூட்ட வேண்டும். றூமனின் நுண்ணங்கிகளும் ஈன்ற பின் வரப்போகும் தீவனத்துக்குப் பழக்கப்படும்.

ஏன் முதல் நிலையை இவ்வளவு வலியுறுத்துகிறோம்? உச்சப் பாலின் அளவே முழுக் காலத்தின் விளைச்சலைத் தீர்மானிக்கிறது. தீவனக் குறைவால் உச்சத்தில் ஒரு நாளைக்கு கால் லீற்றர் குறைந்துபோன ஆடு, பிறகு நன்றாக உண்டாலும் அதை முழுமையாக மீளப் பெறுவதில்லை. அக்குறை 200 நாட்கள் தொடர்ந்தால் இழப்பு 0.25 × 200 = 50 லீற்றர் ஆகும். ஐம்பது லீற்றர் பாலின் விலையை உங்கள் ஊர் விலையில் பெருக்கிப் பாருங்கள்.

4. தேவைப்படும் போசணைகள்

(அ) நீர்: பாலின் ஏறத்தாழ 87 சதவீதம் நீராகும். ஒரு லீற்றர் பாலுடன் 870 மில்லி லீற்றர் அளவு நீர் உடலிலிருந்து வெளியேறுகிறது. நீர் குறைந்தால் முதலில் குறைவது பால்தான். கறவை ஆட்டுக்கு முன்னால் சுத்தமான நீர் நாள் முழுவதும் இருக்க வேண்டும். பின்னேரம் ஒரு தடவை மட்டும் வாளியில் காட்டுவது போதாது. ஆடு அழுக்கு நீரைக் குடியாது, தாகத்துடன் நிற்கும்.

(ஆ) சக்தி: காபோவைதரேற்றும் கொழுப்பும் சக்தியைத் தரும். சோளம், தவிடு, நல்ல பசும்புல் ஆகியன இதற்குரியவை.

(இ) புரதம்: பாற்புரதம் உருவாகவும் நுண்ணங்கிகள் பெருகவும் தேவை. அவரையினக் குழைகளும் பிண்ணாக்குகளும் இதைத் தரும்.

(ஈ) கனியுப்புகள்: ஒரு லீற்றர் ஆட்டுப்பாலில் ஏறத்தாழ 1.2 கிராம் கல்சியம் உண்டு. தீவனத்திலுள்ள கல்சியம் முழுவதும் அகத்துறிஞ்சப்படுவதில்லை. ஆகவே பாலில் வெளியேறுவதைவிடக் கூடிய அளவு தீவனத்தில் இருக்க வேண்டும். தவிட்டில் பொசுபரசு அதிகம், கல்சியம் குறைவு. தவிட்டை மட்டுமே நம்பினால் கல்சியக் குறை ஏற்படும். கனியுப்புக் கலவையும் கறியுப்பும் சேர்ப்பது இதற்காகவே.

(உ) விற்றமின்கள்: விற்றமின் ஏ ஆகும் கரோற்றீன் பச்சைக் குழையிலிருந்து கிடைக்கும். வைக்கோலை மட்டும் உண்ணும் ஆட்டுக்கு இது குறையும். விற்றமின் பி தொகுதியை றூமனின் நுண்ணங்கிகளே ஆக்கிக் கொடுக்கும்.

5. கிடைக்கும் தீவனங்கள்

நார்மிகு தீவனங்கள்
• புல் வகை: கினிப் புல், நேப்பியர் புல், சீ.ஓ.-3 புல். பூக்க முன் வெட்டினால் புரதம் அதிகம்.
• குழை வகை: சீமைக்கிளுவை (கிளிரிசீடியா), இப்பில் இப்பில், முள்முருக்கு, அகத்தி, பூவரசு, பலா இலை.
• உலர் வகை: உலர்புல், வைக்கோல், நிலக்கடலைக் கொடி, பயற்றங்கொடி.

செறிவுத் தீவனங்கள்
• சக்தி தருவன: சோளம், அரிசித் தவிடு.
• புரதம் தருவன: தேங்காய்ப் பிண்ணாக்கு, எள்ளுப் பிண்ணாக்கு, சோயாப் பிண்ணாக்கு.

ஆடு மாட்டைப் போன்று குனிந்து புல் மேய்வதைவிட, தலையை உயர்த்திக் குழை உண்பதையே விரும்பும். குழையை நிலத்தில் போட்டால் மிதித்துச் சிறுநீர் படவிடும். பிறகு அதைத் தொடாது. எனவே குழையைக் கட்டித் தொங்கவிட வேண்டும், அல்லது உயரமான தீவனத் தட்டில் இட வேண்டும். இதனால் வீண்விரயமும் குடற்புழுத் தொற்றும் குறையும்.

முன்னெச்சரிக்கைகள் (இப்பகுதியை நன்கு மனதில் பதியுங்கள்)
• இப்பில் இப்பிலில் மிமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. மொத்தத் தீவனத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படக் கூடாது.
• மரவள்ளி இலையில் ஐதரசன் சயனைட்டை உருவாக்கும் பொருள் உண்டு. பச்சையாகக் கொடுக்காது, வெயிலில் நன்கு உலர்த்திச் சிறிதளவே கொடுக்க வேண்டும்.
• சீமைக்கிளுவையின் மணத்தால் புதிய ஆடுகள் அதைத் தொடமாட்டா. சில மணித்தியாலங்கள் வாடவிட்டு, வேறு குழையுடன் கலந்து பழக்க வேண்டும்.
• பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கைக் கொடுக்கவே கூடாது. அதில் உருவாகும் அஃபிளாரொக்சின் ஆட்டின் ஈரலைப் பாதிப்பதுடன் பாலிலும் வெளிப்படும். அப்பாலைக் குடிப்பவர் வீட்டுக் குழந்தையாக இருக்கலாம்.

6. நாளாந்தத் தீவனத்தைக் கணித்தல்

கணிக்கும்போது தீவனத்திலுள்ள நீரை நீக்கி, உலர் பொருளையே கருத வேண்டும். பசும் குழையில் ஏறத்தாழ 25 சதவீதமும் உலர்புல், செறிவுத் தீவனம் என்பவற்றில் ஏறத்தாழ 90 சதவீதமும் உலர் பொருள் எனக் கொள்வோம். கறவை ஆடு ஒரு நாளில் தன் உடல் நிறையின் 3 முதல் 5 சதவீதம் வரை உலர் பொருளை உண்ணும்.

செறிவுத் தீவனத்துக்கான எளிய விதி: பால் ஒரு லீற்றருக்கு 400 கிராம்.

உதாரணம்: 40 கிலோகிராம் நிறையுள்ள ஓர் ஆட்டிலிருந்து நாளொன்றுக்கு 1 லீற்றர் பால் கறக்கப்படுகிறது. அதன் குட்டிகள் மேலும் அரை லீற்றர் குடிக்கின்றன. இவ்வாட்டின் நாளாந்தத் தீவனத்தைத் தயாரிக்க. (உண்ணும் உலர் பொருள் உடல் நிறையின் 4 சதவீதம் எனக் கொள்க.)

படி 1: மொத்தப் பாலுற்பத்தி = 1 + 0.5 = 1.5 லீற்றர்
(குட்டி குடித்த பாலும் உற்பத்தியே. மாணவர்கள் அதிகம் தவறவிடும் படி இதுவாகும். வீட்டிலும் இதே தவறு நடக்கிறது: வாளியில் விழுந்த பாலை மட்டும் கணக்கிட்டுத் தீவனம் கொடுத்தால் குட்டியின் பங்கை ஆடு தன் உடலிலிருந்து கொடுக்கும்.)

படி 2: தேவையான உலர் பொருள் = 40 × 4/100 = 1.6 கிலோகிராம்

படி 3: செறிவுத் தீவனம் = 1.5 × 400 = 600 கிராம்
இதன் உலர் பொருள் = 600 × 90/100 = 540 கிராம் = 0.54 கிலோகிராம்

படி 4: நார்மிகு தீவனத்திலிருந்து பெறவேண்டிய உலர் பொருள் = 1.6 – 0.54 = 1.06 கிலோகிராம்

படி 5: பசும் குழையும் புல்லும் 3.5 கிலோகிராம் கொடுத்தால் உலர் பொருள் = 3.5 × 25/100 = 0.875 கிலோகிராம்
மீதி = 1.06 – 0.875 = 0.185 கிலோகிராம்
தேவையான உலர்புல் = 0.185 ÷ 0.9 = ஏறத்தாழ 0.2 கிலோகிராம்

விடை: செறிவுத் தீவனம் 600 கிராம், பசும் குழையும் புல்லும் 3.5 கிலோகிராம், உலர்புல் 200 கிராம். அத்துடன் கனியுப்பும் தடையின்றி நீரும்.

சரிபார்த்தல்: நார்மிகு தீவனத்தின் பங்கு = 1.06/1.6 × 100 = ஏறத்தாழ 66 சதவீதம். அரைப்பங்கைவிடக் கூடுதலாக இருப்பதால் றூமனுக்குப் பாதுகாப்பானது.

7. செறிவுத் தீவனத்தை வீட்டில் கலத்தல் – பியர்சன் சதுர முறை

கறவை ஆட்டுக்குரிய செறிவுத் தீவனத்தில் புரதம் 16 சதவீதம் அளவில் இருத்தல் நன்று. சோளத்தில் 9 சதவீதமும் தேங்காய்ப் பிண்ணாக்கில் 21 சதவீதமும் புரதம் எனக் கொள்வோம்.

சதுரத்தின் நடுவில் 16ஐ எழுதுக. இடப்பக்க மூலைகளில் 9ஐயும் 21ஐயும் எழுதுக. மூலைவிட்டத்தின் வழியே வித்தியாசத்தைக் காண்க.

சோளத்தின் பங்கு = 21 – 16 = 5
பிண்ணாக்கின் பங்கு = 16 – 9 = 7
மொத்தப் பங்கு = 12

ஆகவே 12 கிலோகிராம் கலவைக்குச் சோளம் 5 கிலோகிராம், பிண்ணாக்கு 7 கிலோகிராம் தேவை.

சரிபார்த்தல்: சோளத்தின் புரதம் 450 கிராம், பிண்ணாக்கின் புரதம் 1470 கிராம். மொத்தம் 1920 கிராம். 1920/12000 × 100 = 16 சதவீதம்.

இதனுடன் கனியுப்புக் கலவை 2 சதவீத அளவிலும் கறியுப்பு 1 சதவீத அளவிலும் சேர்க்க வேண்டும். சோளத்தை மாவாக அரைக்காது குறுணியாக உடைத்தல் போதும்.

8. கொடுக்கும் முறை

• செறிவுத் தீவனத்தை இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும் கறக்கும் நேரத்தில் கொடுக்க வேண்டும்.
• ஈன்ற பின் செறிவுத் தீவனத்தைச் சடுதியாகக் கூட்டாது, சில நாட்களுக்கு ஒருமுறை 50 முதல் 100 கிராம் வீதம் கூட்ட வேண்டும். பால் மேலும் கூடாத நிலை வந்ததும் அந்த அளவில் நிறுத்த வேண்டும்.
• எந்தத் தீவன மாற்றத்தையும் 10 முதல் 14 நாட்களுக்குள் படிப்படியாகச் செய்ய வேண்டும். நுண்ணங்கிகள் பழக்கப்பட அவ்வளவு நாள் தேவை.
• முதலில் குழை, பின்னர் செறிவுத் தீவனம் என்ற ஒழுங்கே வெறும் வயிற்றுக்கு நல்லது.
• கடும் மணமுள்ள தீவனத்தைக் கறந்த பின்னரே கொடுக்க வேண்டும். முன்னர் கொடுத்தால் பாலில் மணம் ஏறும்.
• ஊறவைத்த பிண்ணாக்கை அவ்வேளையே கொடுத்து முடிக்க வேண்டும். மிஞ்சினால் புளிக்கும்.
• பல ஆடுகள் இருப்பின் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே செறிவுத் தீவனத்தை இட வேண்டும். இல்லையேல் வலிய ஆடு மெலிந்த ஆட்டின் பங்கையும் உண்ணும்.

9. தீவனத்தால் ஏற்படும் சீர்கேடுகள்

(அ) பாற்காய்ச்சல்: இரத்தத்தில் கல்சியம் குறைவதால் ஈனுவதையொட்டிய நாட்களில் ஏற்படும். ஆடு தள்ளாடிப் படுத்துவிடும். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் உடல் வெப்பநிலை கூடுவதில்லை, காது குளிர்ந்திருக்கும்.

(ஆ) கீற்றோசிசு: சக்திக் குறைவால் ஆடு தன் கொழுப்பை அளவுக்கு மீறிக் கரைக்கும்போது ஏற்படும். உணவில் வெறுப்பு, சடுதியான மெலிவு, மூச்சில் இனிய மணம் ஆகியன அறிகுறிகளாகும்.

(இ) றூமன் அமிலத்தன்மை: தானியம் அல்லது சோற்றை ஒரேயடியாக அதிகம் உண்பதால் இலற்றிக் அமிலம் பெருகி ஏற்படும். கலியாண வீட்டிலோ கோயில் அன்னதானத்திலோ மிஞ்சிய சோற்றை "பாவம், வாயில்லாச் சீவன் உண்ணட்டும்" என்று ஆட்டின் முன் கொட்டுவது நம்மிடையே வழக்கம். இரவு உண்ட ஆடு விடியும்போது எழும்பாமல் கிடப்பதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம். அன்பினால் செய்ததே ஆட்டைக் கொன்றுவிடுகிறது. இவ்வாறு உண்டது தெரிந்தால் எஞ்சிய தானியத்தை உடனே அகற்றி, உலர்புல்லை மட்டும் வைத்து, தாமதியாது கால்நடை வைத்தியரை நாட வேண்டும்.

(ஈ) வயிற்றுப் பொருமல்: ஈரமான இளம் அவரையினக் குழையை வெறும் வயிற்றில் அதிகம் உண்பதால் றூமனில் வாயு தங்கும். இடப்பக்க வயிறு ஊதும். குழையை வாடவிட்டுக் கொடுப்பதும், முன்னதாக உலர்புல் கொடுப்பதும் இதைத் தடுக்கும்.

10. வறட்சிக் காலத் தீவனம்

உலர் வலயத்தில் மாரிகாலத்தில் புல் மிஞ்சும். மே முதல் செப்டெம்பர் வரை தட்டுப்பாடு. ஆடு மாசியில் ஈன்றாலும் வைகாசியில் தீவனம் தேவை என்பதை மறக்கக் கூடாது. எனவே:

• மாரியில் மிஞ்சும் புல்லைப் பூக்க முன் வெட்டி, மழை ஓய்ந்த நாட்களில் உலர்த்திச் சேமித்தல்.
• புல்லை நறுக்கிக் காற்றுப் புகாத பைகளிலோ பீப்பாக்களிலோ அழுத்தி அடைத்துப் பதப்படுத்தல்.
• வேலியோரம் சீமைக்கிளுவை, முள்முருக்கு, பூவரசு ஆகியவற்றை நட்டு முறைவைத்துக் குழை வெட்டுதல். ஆழமான வேர் உள்ளதால் கோடையிலும் இவை துளிர்க்கும்.
• நிலக்கடலை, பயறு அறுவடையின் பின் கொடியை எரிக்காது உலர்த்தி வைத்தல்.

11. அமைப்புக் கட்டுரை வினாவும் விடையும்

வினா: ஒரு வீட்டில் 40 கிலோகிராம் நிறையுள்ள கலப்பினக் கறவை ஆடு வளர்க்கப்படுகிறது. ஈன்று 5 வாரத்தில் நாளொன்றுக்கு 1.5 லீற்றர் பால் கொடுத்தது. ஆடி மாதத்தில், 9ஆம் வாரத்தில், அது 750 மில்லி லீற்றராகக் குறைந்தது. விலா எலும்புகள் தெரிகின்றன. பகலில் காய்ந்த புல்வெளியில் கட்டப்படுகிறது. மாலையில் ஒரு வாளி கழுநீரும் ஒரு பிடி தவிடும் கொடுக்கப்படுகின்றன. "கண்ணூறு பட்டுவிட்டது" என்கிறார் வீட்டுப் பாட்டி.

(i) பால் குறைந்தமைக்கான தீவனம் சார்ந்த காரணங்கள் மூன்று தருக.
(ii) தீவனம் சாராத காரணங்கள் இரண்டு தருக.
(iii) நீர் நிலையிலும் தீவன நிலையிலும் செய்யவேண்டிய மாற்றங்கள் நான்கு தருக.
(iv) 9ஆம் வாரத்தில் இயல்பாகவே பால் சிறிது குறையும். எனினும் இங்கு நிகழ்ந்தது இயல்பானதன்று என எவ்வாறு கூறுவீர்?

விடை:
(i) • பாலின் அளவுக்கேற்ற செறிவுத் தீவனம் கொடுக்கப்படாமையால் சக்தி குறைந்தமை.
• காய்ந்த புல்லில் புரதம் குறைவாக உள்ளமை.
• நாள் முழுவதும் குடிநீர் கிடைக்காமை.

(ii) • குடற்புழுத் தொற்று.
• மடியழற்சி.

(iii) • நிழலில் எப்போதும் சுத்தமான நீர் வைத்தல்.
• சீமைக்கிளுவை போன்ற புரதம் மிகுந்த குழையைத் தொங்கவிட்டுக் கொடுத்தல்.
• செறிவுத் தீவனத்தை 50 முதல் 100 கிராம் வீதம் படிப்படியாகக் கூட்டல்.
• கனியுப்புக் கலவையும் கறியுப்பும் சேர்த்தல்.

(iv) உச்சத்தின் பின் பால் மெதுவாகவே குறைய வேண்டும். நான்கு வாரங்களில் அரைப்பங்காகக் குறைந்துள்ளது. அத்துடன் விலா எலும்பு தெரியுமளவு உடல் மெலிந்துள்ளது. இவ்விரண்டும் போசணைக் குறைவையோ நோயையோ காட்டுகின்றன.

பாட்டியைப் பரீட்சைத் தாளில் குறை கூறிப் புள்ளி பெற முடியாது. காரணத்தை எழுதுங்கள். வீட்டிலோ பாட்டி நாவூறு கழிக்கட்டும். நீங்கள் நீர்வாளியையும் குழையையும் கவனியுங்கள்.

12. பல்தேர்வு வினாக்கள்

1. பாலின் கொழுப்புச் சதவீதம் குறைவதற்குப் பெரும்பாலும் காரணமாக அமைவது
(1) கனியுப்பு மிகை (2) நார்மிகு தீவனக் குறைவு (3) நீர் மிகை (4) குழை மிகை

2. 45 கிலோகிராம் நிறையுள்ள ஆடு உடல் நிறையின் 4 சதவீத உலர் பொருளை உண்ணுமாயின் அதன் அளவு (கிலோகிராமில்)
(1) 1.2 (2) 1.6 (3) 1.8 (4) 2.4

3. 25 சதவீத உலர் பொருளுள்ள குழையிலிருந்து 1 கிலோகிராம் உலர் பொருளைப் பெறத் தேவையான குழை (கிலோகிராமில்)
(1) 2 (2) 2.5 (3) 3 (4) 4

4. சயனைட்டு நஞ்சாதலைத் தவிர்க்க உலர்த்திக் கொடுக்கவேண்டியது
(1) பலா இலை (2) மரவள்ளி இலை (3) பூவரசம் குழை (4) கினிப் புல்

5. பாற்காய்ச்சலுடன் தொடர்புடைய கனியுப்பு
(1) இரும்பு (2) அயடீன் (3) கல்சியம் (4) நாகம்

விடைகள்: 1 – (2), 2 – (3), 3 – (4), 4 – (2), 5 – (3)

13. வீட்டுச் செயற்பாடு

ஒரு கொப்பியை எடுத்து உங்கள் வீட்டிலோ அயல் வீட்டிலோ உள்ள கறவை ஆட்டைப் பற்றி 14 நாட்களுக்குப் பின்வருவனவற்றைக் குறியுங்கள்: காலைப் பால், மாலைப் பால், கொடுத்த குழை, செறிவுத் தீவனம், குடித்த நீர். முதல் ஏழு நாட்களில் வழமைபோல் கொடுங்கள். அடுத்த ஏழு நாட்களில் வேறெதையும் மாற்றாது நீரை மட்டும் நாள் முழுவதும் வைத்துப் பாருங்கள். இரு வாரங்களின் சராசரிப் பாலையும் ஒப்பிடுங்கள்.

இதற்குச் செலவில்லை. வாளி ஒன்றும் சிறிது பொறுமையும் போதும். பரீட்சையில் "நீரின் முக்கியத்துவத்தை விளக்குக" என்று வந்தால் நீங்கள் மனனம் செய்ததை அல்ல, அளந்து கண்டதை எழுதுவீர்கள். அந்த விடை நேராகவும் தெளிவாகவும் இருக்கும். வீட்டிலும் கூடுதலாக ஒரு தேநீருக்குப் பால் கிடைத்தால் அது இப்பாடத்தின் பயனெனக் கொள்ளுங்கள்.